ஆங்கிலம் படித்தால் புரிகிறது, பேச வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: "பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆங்கிலம் படிக்கிறேன். செய்தி, மின்னஞ்சல் எல்லாம் படித்தால் ஓரளவு புரிகிறது. பேசப் போனால் சொல்லே வருவதில்லை. தினமும் பத்துப் புதுச் சொல் மனப்பாடம் செய்கிறேன், ஒரு வாரத்தில் பாதி மறந்துபோகிறது. சொல்வளத்தையும் பேச்சையும் வளர்க்க என்ன வழி?"

முதலில் அந்தப் பத்துச் சொல் கணக்கை நிறுத்துங்கள். படித்தால் புரிகிறது என்றால் சொற்கள் உள்ளே இருக்கின்றன. பேசும்போது வருவதில்லை என்றால், அவை கூப்பிட்ட குரலுக்கு வருவதில்லை. எதிரே வந்தால் முகம் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிட வராது என்று சில பேரோடு நமக்கு ஒரு பழக்கம் இருக்குமே, அந்த மாதிரிப் பழக்கம்தான் உங்களுக்கும் ஆங்கிலச் சொற்களுக்கும். அந்தக் கூட்டத்தில் தினமும் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது?

ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்க்கலாம். 'டேக்', 'கீப்', 'புட்', 'ஸ்டாப்' எல்லாம் தெரியுமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். சரி, இந்த மூன்றையும் யோசிக்காமல் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: "மழை விட்டதும் கிளம்பலாம்." "அவர் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை." "அந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்." விடைகள்: 'வீ கேன் லீவ் ஒன்ஸ் தி ரெயின் ஸ்டாப்ஸ்', 'ஐ டிட்ன்ட் டேக் ஹிம் சீரியஸ்லி', 'ஐ கீப் புட்டிங் இட் ஆஃப்'. இதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மூன்றாவதற்கு வாய் திறந்திருக்காது. 'ப்ரோக்ராஸ்டினேட்' என்ற பெரிய சொல்லைத் தேடிப் போயிருப்பீர்கள், அதுவும் பாதியில் நழுவியிருக்கும்.

ஆக, உங்கள் வேலை புதுச் சொல் சேர்ப்பதில்லை, அரைகுறையாகத் தெரிந்த சொற்களை முழுசாக்குவது. நான் சொல்லப் போகிற எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஆங்கிலம் கற்போருக்காக மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953 இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் இருந்தவை ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள், அதாவது அகராதியில் தனிப் பதிவாக வரும் சொற்கள். அன்றாடப் பேச்சில் பத்துக்கு ஒன்பது சொல், அதிகம் புழங்கும் முதல் இரண்டு மூன்றாயிரத்துக்குள் அடங்கிவிடும். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006 இல் போட்ட கணக்குப்படி, அகராதி இல்லாமல் நாவலோ செய்தித்தாளோ படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள 6000 முதல் 7000. சொற்குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது. 'டிசைட்', 'டிசிஷன்', 'டிசைசிவ்' மூன்றும் ஒரே குடும்பம். இந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது படிப்பதற்கும் கேட்பதற்குமான கணக்கு. பேசுவதற்கு அந்த முதல் இரண்டாயிரம் நன்றாகக் கையில் இருந்தாலே போதும். நன்றாக என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீண்ட பதிவு எந்தச் சொல்லுக்குத் தெரியுமா? 'செட்'. ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. சின்னச் சொற்களை நாம் தெரியும் என்று தாண்டிப் போகிறோம், ஆங்கிலமோ பாதி வேலையை அவற்றை வைத்துத்தான் முடிக்கிறது.

ஒரு சொல்லை முழுசாகத் தெரிந்துகொள்வது என்றால், அது எந்தச் சொல்லோடு சேரும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது. தமிழில் நாம் கனவு காண்கிறோம், மாத்திரை சாப்பிடுகிறோம், கண்ணாடி போடுகிறோம். ஆங்கிலத்தில் கனவை 'ஹேவ்' செய்ய வேண்டும், மாத்திரையை 'டேக்', கண்ணாடியை 'வேர்'. 'ஐ ஈட் மை மெடிசின்' என்றால் இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சில சமயம் இரண்டு மொழியும் ஒரே வழியில் போகும். நாம் கட்டணமும் செலுத்துகிறோம், கவனமும் செலுத்துகிறோம். அவர்களும் இரண்டையும் 'பே' செய்கிறார்கள். எங்கே ஒத்துப்போகும், எங்கே விலகும் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. அதனால்தான் தனிச் சொல்லாக எழுதி வைக்கவே கூடாது என்கிறேன். 'டிசிஷன் - முடிவு' என்று நோட்டில் எழுதினால் கால்வாசிதான் எழுதியிருக்கிறீர்கள். 'மேக் எ டிசிஷன்', 'ஸ்டிக் டு எ டிசிஷன்', 'எ டஃப் டிசிஷன்' என்று எழுதினால் அந்தச் சொல் பேச்சுக்குத் தயாராக இருக்கிறது.

இதற்கு அகராதியும் உதவ வேண்டும். ஆங்கிலம் - தமிழ் அகராதி அவசரத்துக்குச் சரி, பழக்கத்துக்குச் சரியில்லை. கற்போருக்கென்றே எழுதிய ஆங்கில அகராதிகள் இருக்கின்றன. லாங்மேன் அகராதி 1978 இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே விளக்கங்களை ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் எழுதுகிறது. 1987 இல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி போய், விளக்கத்தையே முழு வாக்கியமாகத் தந்தது. படிக்கும்போதே சொல் வாக்கியத்தில் எப்படி உட்கார்கிறது என்று தெரிந்துவிடும். இப்போது இந்த வகை அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பார்க்கும்போது பொருளோடு நிறுத்தாமல் கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் வாய்விட்டுப் படியுங்கள். உங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, பயிற்சி. ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரம் என்றால் நான் சொல்வது இருமுறை மொழிபெயர்ப்பு. இது புதிதல்ல. இங்கிலாந்தில் பின்னாளில் அரசியான முதலாம் எலிசபெத்துக்குப் பாடம் சொன்ன ரோஜர் ஆஸ்கம், லத்தீன் கற்பிக்க இந்த முறையைத்தான் பரிந்துரைத்தார். அவர் இறந்த பிறகு 1570 இல் அச்சான நூலில் விளக்கமாக எழுதியிருக்கிறார். செய்முறை எளிது. நல்ல ஆங்கிலத்தில் நாலைந்து வரி எடுத்து, தமிழில் மாற்றி எழுதுங்கள். மூலத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து அந்தத் தமிழை மட்டும் வைத்துத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுங்கள். அப்புறம் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

ஒன்று செய்தே காட்டுகிறேன். மூலம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'தி மீட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப் அன்டில் நெக்ஸ்ட் வீக். ஹாஃப் தி டீம் இஸ் டவுன் வித் எ கோல்ட், அண்ட் தி அதர்ஸ் ஆர் டூ பிஸி டு டேக் ஆன் எனிதிங் நியூ.' படிக்கும்போது எங்கும் தடுக்காது. தமிழில் எழுதினால்: "கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். குழுவில் பாதிப் பேருக்குச் சளி. மற்றவர்களுக்குப் புதிதாக எதையும் எடுத்துச் செய்ய நேரமில்லை."

இரண்டு நாள் கழித்துத் திரும்ப எழுதும்போது பெரும்பாலும் வருவது இது: 'தே ஹேவ் போஸ்ட்போன்ட் தி மீட்டிங் டு நெக்ஸ்ட் வீக். ஹாஃப் ஆஃப் தி டீம் மெம்பர்ஸ் ஆர் ஹேவிங் கோல்ட். அதர்ஸ் ஹேவ் நோ டைம் டு டூ எனி நியூ வொர்க்.'

முதல் வாக்கியத்தில் தப்பில்லை. ஆனால் 'தே' யார்? தமிழில் தள்ளி வைத்தவர் யார் என்று சொல்ல விருப்பமில்லாதபோது 'வைத்திருக்கிறார்கள்' என்று முடித்துவிடுவோம், ஆள் இல்லாத 'ஆர்கள்'. ஆங்கிலத்தில் அதே வேலைக்குச் செயப்பாட்டு வினை வருகிறது: 'ஹேஸ் பீன் புட் ஆஃப்'. பள்ளியில் செயப்பாட்டு வினையை வெறும் மாற்றி எழுதும் கணக்காகச் செய்தோமே தவிர, அது எதற்கு என்று இங்கேதான் தெரிகிறது. இரண்டாவது வாக்கியத்தில் 'ஆர் ஹேவிங் கோல்ட்' வந்ததற்குக் காரணம் 'சளி பிடித்திருக்கிறது' என்ற தமிழ். 'ஹேவ் எ கோல்ட்' என்றால் சரி, 'டவுன் வித் எ கோல்ட்' இன்னும் இயல்பு. இரண்டிலும் அந்தச் சின்ன 'எ' கட்டாயம். மூன்றாவதில் 'டூ பிஸி டு', 'டேக் ஆன்' இரண்டுமே வரவில்லை. 'டேக்' தெரியும், 'ஆன்' தெரியும், இரண்டும் சேர்ந்து ஒரு பொறுப்பை ஏற்பது என்ற பொருளில் உங்கள் கையில் இல்லை. ஆக, இரண்டே வாக்கியத்தில் நாலு பாடம், நாலும் உங்களுக்கென்றே அளவெடுத்தவை. எந்தப் புத்தகமும் இதைத் தராது, ஏனென்றால் உங்கள் ஓட்டை எங்கே என்று புத்தகத்துக்குத் தெரியாது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தும் இதே பாணியில்தான் எழுதக் கற்றார். பத்து வயதிலேயே பள்ளியை விட்டவர். 'ஸ்பெக்டேட்டர்' என்ற ஆங்கில இதழின் கட்டுரைகளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு எடுத்து வைப்பார், சில நாள் கழித்துக் குறிப்பிலிருந்து கட்டுரையைத் தன் சொல்லில் எழுதுவார், மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு மறுபடி வரிசைப்படுத்திப் பார்ப்பதும் உண்டு. தமிழில் மாற்றுவது சலித்துப்போனால் இந்த முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

இப்போது பேச்சுக்கு வருவோம். "ஆங்கிலத்திலேயே யோசியுங்கள்" என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். நல்ல யோசனைதான், தூக்கம் வராதவரிடம் தூங்குங்கள் என்று சொல்வது எவ்வளவு நல்ல யோசனையோ அவ்வளவு. ஆங்கிலத்தில் யோசிப்பது பழகப் பழகத் தானாக வருவது. தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளக்கூடிய பயிற்சி அல்ல. தொடக்கத்தில் தமிழில்தான் யோசிப்பீர்கள், பரவாயில்லை. எந்தத் தமிழில் யோசிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

தமிழில் வினை கடைசியில் வரும். அதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம். "காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது." இதை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோகப் பார்த்தால், 'எழுந்து' என்ற இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆங்கிலத்துக்கு யார், என்ன ஆனது என்பது முதலிலேயே வேண்டும்: 'ஐ மிஸ்ட் தி மீட்டிங். பை தி டைம் ஐ காட் டு தி ஆஃபீஸ், இட் வாஸ் ஓவர்.' குளித்ததும் சாப்பிட்டதும் போயே போய்விட்டன, யாரும் தேட மாட்டார்கள். அதாவது, வாயைத் திறப்பதற்கு முன் தமிழிலேயே வாக்கியத்தை உடைத்துக்கொள்ளுங்கள். "கூட்டத்தை விட்டுவிட்டேன். நான் போவதற்குள் முடிந்துவிட்டது." இந்தத் தமிழ் ஆங்கிலத்துக்குள் தானாக இறங்கும்.

இன்னொரு பெரிய மாட்டல் பெயரெச்சம். "நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இன்று வரவில்லை." நமக்கு விவரம் முன்னால், பெண் பின்னால். ஆங்கிலத்தில் பெண் முதலில் வந்துவிட வேண்டும், விவரம் வாலாகப் பின்னால்: 'தி வுமன் ஹூ வாஸ் சிட்டிங் நெக்ஸ்ட் டு மீ எஸ்டர்டே இஸ்ன்ட் ஹியர் டுடே.' இந்த ஒரு திருப்பம் பழகிவிட்டால் பேச்சில் பாதித் திக்கல் போய்விடும் என்று துணிந்து சொல்வேன். சும்மா இருக்கும்போது கண்ணில் படுகிறவற்றை வைத்துச் செய்து பாருங்கள்: ஜன்னல் பக்கம் நிற்கிற ஆள், நான் தொலைத்த சாவி, நீங்கள் அனுப்பிய கோப்பு. 'தி மேன் ஸ்டாண்டிங் பை தி விண்டோ', 'தி கீ ஐ லாஸ்ட்', 'தி ஃபைல் யூ சென்ட்'. ஒரு நாளைக்கு இருபது செய்தால் போதும், யாருக்கும் தெரியாமல் மனசுக்குள்ளேயே செய்யலாம்.

வேகத்துக்கு 4-3-2 என்று ஒரு பயிற்சி உண்டு. நான் மேலே சொன்ன பால் நேஷன் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஒரு விஷயத்தைப் பற்றி நாலு நிமிஷம் பேசுங்கள். அதே விஷயத்தை இன்னொருவரிடம் மூன்று நிமிஷத்தில், மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிஷத்தில். ஆள் இல்லையா, போனில் பதிவு செய்துகொண்டு தனியாகப் பேசுங்கள். முதல் தடவை தேடித் தேடிச் சொன்ன சொற்கள் மூன்றாவது தடவையில் தேடாமல் வரும். ஒவ்வொரு நாளும் புதுத் தலைப்பு எடுப்பதை விட ஒரே தலைப்பை மூன்று தடவை பேசுவது மேல். அலுப்பாகத்தான் இருக்கும், அந்த அலுப்பு வருகிற இடத்தில்தான் சரளமும் வருகிறது.

மறந்துபோகிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885 இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே போய்விடுகிறது, அப்புறம் மறதியின் வேகம் குறைகிறது. அதனால் ஒரே நாளில் இருபது தடவை படிப்பது வீண். நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். 1972 இல் செபாஸ்டியன் லைட்னர் இதற்கு ஐந்து அறை கொண்ட ஒரு அட்டைப் பெட்டி முறையைச் சொன்னார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் முதல் அறைக்குத் திரும்பும். 'ஆன்கி' போன்ற செயலிகள் இந்த வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன.

செயலியை விட அட்டையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் பெரிது. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதினால் அடையாளம் காணத்தான் பழகுவீர்கள். அது ஏற்கெனவே உங்களுக்கு வருகிறது. திருப்பி எழுதுங்கள். முன்பக்கம் தமிழில் ஒரு நிலைமை: "ஒரு வேலையைச் செய்யாமல் நாள் கடத்துகிறேன்." பின்பக்கம்: 'ஐ கீப் புட்டிங் இட் ஆஃப்.' முன்பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். திருப்பிப் பார்த்துவிட்டு "அட, தெரியுமே" என்பது கணக்கில் சேராது. 2006 இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று நாலு அட்டைக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டாம். இருமுறை மொழிபெயர்ப்பில் மாட்டிய இடங்களே அட்டைக்கு வேண்டிய சரக்கைக் கொடுத்துவிடும்.

படிப்பதில் ஒரே ஒரு சட்டம்: எளிதாக இருக்க வேண்டும். அகராதி இல்லாமல் தடையின்றிப் படிக்க, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து. அதற்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தைக் கீழே வையுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். கற்போருக்காகச் சொல் அளவு கட்டி எழுதிய நிலைவாரி வாசிப்பு நூல்கள் இதற்கென்றே இருக்கின்றன. சிறுவர் நூல் எளிதாக இருக்கும் என்று பலர் அதில் இறங்குவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பூதம், மந்திரக்கோல், விலங்கு எழுப்பும் ஒலிகள் என்று பெரியவர்கள் பேச்சில் வராத சொல் அதில் நிறைய. உங்களுக்குத் தெரிந்த துறை எதுவோ, கிரிக்கெட்டோ கணக்கு வழக்கோ, அதைப் பற்றிப் படித்தால் பாதிச் சொல் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கேட்பதில் நம்மவர்களுக்குச் சிக்கல் வேறு. அவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வேகம் பாதிக் காரணம்தான். ஆங்கிலத்தில் ஒரு அசையை அழுத்தி, மற்றவற்றை விழுங்குவார்கள். தமிழில் நாம் எல்லா அசைக்கும் அதனதன் பங்கைக் கொடுத்துவிடுகிறோம். 'கேன்' என்று நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பீர்கள், வருவதோ 'கன்', அதுவும் பாதி. 'கான்ட்' மட்டும் முழுசாக ஒலிக்கும். முடியுமா முடியாதா என்பதே அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. 'டெவலப்' என்று நாம் சொல்வதை அவர்கள் 'டிவெலப்' என்பார்கள், 'கம்ஃபர்டபிள்' என்பதை 'கம்ஃப்டபிள்' என்பார்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபடாக்ரஃபி' ஆனதும் இரண்டாவதுக்குத் தாவிவிடும். புதிதாக ஒரு சொல்லை எடுத்தால் அழுத்தம் எந்த அசையில் என்று அகராதியில் ஒலியைக் கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அழுத்தம் சரியாக விழுந்தால் போதும், எந்த உச்சரிப்பிலும் புரியும்.

காது பழக, எழுத்து வடிவமும் கிடைக்கிற ஒலிப்பதிவில் அரை நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கேட்டதை எழுதி, எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் பெரிய சொற்களாக இருக்காது; 'ஆஃப்', 'ஹேட்', 'தெம்' மாதிரியான பொடிகளாகத்தான் இருக்கும். அப்புறம் அதே பதிவோடு சேர்ந்து நீங்களும் பேசுங்கள், அரை வினாடி பின்னால். வசன வரி ஓடும் படத்தை இரண்டு மணி நேரம் பார்ப்பது பொழுதுபோக்கு, அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள்.

இலக்கணத்தை மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தமிழ் எங்கெல்லாம் கையைப் பிடித்து இழுக்கிறதோ அங்கே மட்டும் பார்த்தால் போதும். "அதைப் பற்றிப் பேசினோம்" என்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' வருகிறது; 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும். "அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது" என்பதை 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்கிறோம். உள்ளே போன கேள்வி கேள்வி வரிசையை விட்டுவிட வேண்டும், 'வேர் ஹி இஸ்'. நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் 'ஹேவ் சீன்' வராது, 'சா' தான். சில இடத்தில் தமிழே கைகொடுக்கும். 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்தில் இருப்பவர்கள் தமிழைக் கேட்டுப் பார்க்கலாம்: "ஐந்து வருஷமாக" என்று 'ஆக' வந்தால் 'ஃபார்', "2019 இலிருந்து" என்று 'இலிருந்து' வந்தால் 'சின்ஸ்'. வினைக்கு மட்டும் தமிழைக் கேட்காதீர்கள். நாம் "வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில் முடிப்பதை அவர்கள் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றுதான் சொல்வார்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் கேட்பீர்கள். திருத்தக் கொடுத்தால் அது உங்கள் பத்தியையே புதிதாக எழுதித் தந்துவிடும், படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று மூடிவிடுவீர்கள். அப்படிச் செய்யாமல், "பிழை இருக்கும் இடத்தை மட்டும் காட்டு, திருத்தாதே" என்று கேளுங்கள். திருத்துவது உங்கள் வேலை. நாள் தவறாமல் வந்ததற்குப் பதக்கம் தரும் விளையாட்டுச் செயலிகள் முதல் சில மாதத்துக்குச் சரி. உங்கள் நிலையில் இருப்பவருக்கு அதில் கிடைப்பது பதக்கம் மட்டும்தான்.

எவ்வளவு காலம் ஆகும்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் தமிழைக் கற்க முழுநேர வகுப்பில் ஏறத்தாழ 44 வாரம் ஆகும் என்று வைத்திருக்கிறது. ஸ்பானிஷ் போன்றவற்றுக்கு 24 முதல் 30 வாரம். அந்தப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் என்றால் இந்தப் பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். நீங்கள் பாதிக்கு மேல் கடந்துவிட்டீர்கள். தினமும் நாற்பது நிமிஷம் ஒதுக்க முடிந்தால், பத்து நிமிஷம் அட்டை, பத்து நிமிஷம் பேச்சு, மீதியில் ஒரு நாள் மொழிபெயர்ப்பு, ஒரு நாள் கேட்டு எழுதுவது என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வாசிப்பு இதில் சேராது, அது தூங்கப் போகும் முன்.

இன்றைக்கே ஒன்று செய்துவிடுங்கள். உங்கள் வேலையைப் பற்றி இரண்டு நிமிஷம் தயாரிப்பில்லாமல் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்து, தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். இப்போது கேட்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே தலைப்பில் இன்னொன்று பதிவு செய்துவிட்டு, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிழைகளை எண்ணாதீர்கள், கூடப் பேசினால் பிழையும் கூடத்தான் இருக்கும். எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். முதல் பதிவில் வாக்கியத்தின் நடுவில், ஒரு சொல்லுக்காக நின்றிருப்பீர்கள். இரண்டாவதில் வாக்கியம் முடிந்த பிறகு, அடுத்து என்ன சொல்வது என்று நின்றால், சொற்கள் கூப்பிட்டதும் வர ஆரம்பித்துவிட்டன. அதற்கு அப்புறம் வேண்டுமானால் புதுச் சொல் பட்டியலை எடுங்கள். கல்லூரிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தால் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000 இல் தொகுத்த 570 சொற்குடும்பங்களின் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.